பால் ஓடிய பக்கம்

திசையன்விளைக்கு வெளியே, தேரி என்கிற செம்மணல் மேட்டுச் சரிவின் விளிம்பில் வீடு கட்டினோம். வாசலுக்குக் கிழக்கே சரிவு. அஸ்திவாரம் ஆழமில்லை. மணல் நழுவாமலிருக்க இன்ஜினீயர் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் வலை விரித்து மண்ணை இறுக்கியிருந்தார். வீட்டைச் சுற்றியும் வாசலிலும் குழி தோண்டவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு முந்தின நாள் போனால், வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை நுனியில் கறுப்பு வலை கிழிந்து தொங்கியது.

"என்னவே இது?" என்றேன்.

"பழைய சாக்கு மாதிரி கெடந்துது அண்ணாச்சி. அறுத்துட்டோம். இனி கால் அசையாது," என்றார் பந்தல்காரர்.

இன்ஜினீயர் போனை எடுக்கவேயில்லை.

மறுநாள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். "பால் கெழக்க பொங்கிட்டு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். வழிந்த பால் தரையிலும் கிழக்கே ஓடியது. ரசமட்டம் வைத்து, துளி சாய்வில்லாமல் போட்ட தரை அது.