யார் அண்டர்?

கும்மிடிப்பூண்டியில் கூரை ஷீட் மாற்ற வேண்டும் என்றால் இன்று முதல் போன் எனக்குத்தான் வரும். என் அண்டரில் அறுபது பேர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இன்ஜினியர்கள் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். சும்மா சொல்லவில்லை, வந்து பார்த்தால் தெரியும்.

எனக்கு முழுசாகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை இந்த அண்டர்தான். ரயில் பாதைக்கு அடியில் போனால் அண்டர்பாஸ். பழுதான மிஷினில் தொங்கும் அட்டை அண்டர் மெயின்டனன்ஸ். ஆனால் எங்களுக்கு அது கேட்டில் கேட்கிற கேள்வி. கான்ட்ராக்ட் ஆள் யார் போனாலும் செக்யூரிட்டி முதலில் கேட்பது, "யார் அண்டர்?" நாம் சொல்கிற பெயரில்தான் பாஸ் எழுதுவார்கள். வேலையும் அவர் செய்ததாகத்தான் ஆபீசுக்குப் போகும்.

பதினோரு வருஷம் நான் சொன்னது என் மேஸ்திரியின் பெயர். அதைச் சொன்னால் பையைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பிறகு தனியாக வந்தேன். ஒரு இரும்பு மில்லில் சின்ன வேலை, எட்டு நாள். அது நன்றாக அமைந்தால் அங்கேயே பெரிய ஷெட் வேலையும் கிடைக்கும். அதைக் கொடுக்க வேண்டிய பெரிய இன்ஜினியர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள் காலை, பின்னால் என் ஆட்கள் நாலு பேர். செக்யூரிட்டி கேட்டதும் வாய் தானாக மேஸ்திரி பெயரைச் சொல்லிவிட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. இங்கிலீஷில் எழுதிய பாஸை எட்டு நாளும் காட்டிக்கொண்டு போய்வந்தேன்.

ஒன்பதாம் நாள் கேட்டில் மேஸ்திரி நிற்கிறார். வேலை பிரமாதம், ஷெட் விஷயமாக வாங்க என்று இன்ஜினியர் அவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"இன்னாடா, என் பேர்ல வேலை செஞ்சிக்கினு கீறியாமே?"

"வாய் பழக்கம் நைனா. தெரியாம வந்துருச்சு."

"கல்யாணம் ஆயி புருசன் ஊட்டுக்குப் போனவ, தூக்கத்துல அம்மா ஊட்டுக்கு நடந்த மாரி கீது."

அந்த சீசனில் அவருக்கும் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டினால் போதும், ஷெட் அவருடையது. அவர் உள்ளே போனார். நான் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரி என்னைக் காட்டி, "சார், இவன் என்னாண்ட இல்ல, தனியா பண்றான். நீங்க பாத்தது இவன் கை வேலை" என்றார். ஷெட் எனக்குக் கிடைத்தது.

திரும்பி நடக்கும்போது, நீங்களும் வேலைக்கு வாங்களேன் என்று கேட்டேன்.

"உன் அண்டர்லயா? போடா. வோணும்னா கூட வரேன்."

வந்தார். ரெண்டு மாதமும் அவர் பாஸை நானே வாங்கிக் கொடுத்தேன். அதில் யார் பெயர் இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.