நடுவட்டத்துக் கோலம்

என் வீட்டு எறவானத்தில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா தொங்குகிறது. அடிப்பக்கம் ஆணியால் குத்திய பதினாறு ஓட்டைகள். வாய்ப்பக்கம் இரண்டு துளை போட்டு, வாளிக்குக் காது வைத்த மாதிரி சணல் கயிறு கட்டியிருக்கும். போன மாதம் பழைய இரும்பு வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இதையும் போடு ஆயா, துருப்பிடிச்சுக் கெடக்கு" என்றார். நான் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த டப்பாவில் சுண்ணாம்புக்கல் மாவை நிரப்பி, கயிற்றைப் பிடித்துத் தரையை ஒட்டினாற்போல ஆட்டிக்கொண்டே நடந்தால் வெள்ளையாகக் கோடு விழும். எங்கள் ஊர் ஃபுட்பால் மைதானத்துக்கு எட்டு வருஷமாக அந்த டப்பாவால்தான் கோடு போடுகிறோம். அதைச் செய்தவர் ரயில்வே கேட்டுக்காரர்.

அவருக்கும் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். அரியலூர் தாண்டி எங்கள் ஊரை ஒட்டிப் போகிற தண்டவாளத்தில் கேட் மூடித் திறக்கிற வேலைக்கு வந்தவர். சின்ன வயதில் பந்து ஆடியவராம். வந்த ஆறு மாதத்தில், கல் லாரி ஓட்டுகிறவன், கொத்து வேலைக்குப் போகிறவன், சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குகிறவன் என்று பதினான்கு பேரைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கை அவர்களே வெட்டிச் சமன் செய்தார்கள். என் வீட்டுக் கொல்லை வேலி அந்த மைதானத்தை ஒட்டியது. பந்து என் கொல்லையில் வந்து விழும். நான் எடுத்து வேலிக்கு மேலே போடுவேன். "தேங்க்ஸ்க்கா" என்பார் கேட்டுக்காரர். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிடுவேன். நான் அப்படித்தான். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. சத்துணவுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுவேன். பெரிய ஆம்பளைகள் முன்னால் நின்றால் முந்தானை வாய்க்குப் போய்விடும்.

கிளப்புக்கு ஆட்டம் இருந்தது, ஆள் இல்லை. பார்க்க ஒருத்தரும் வரமாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெயர் தெரியும், அந்தப் பெயர் போட்ட பனியனும் போட்டிருப்பார்கள். கோல் காக்கிற எங்கள் கோலிக்காரன் யார் என்று கேட்டால் தெரியாது. அவன் தினமும் அவர்கள் தெருவழியாகத்தான் கல் லாரி ஓட்டிக்கொண்டு போவான். கேட்டுக்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். மைக் செட் வைத்தார். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஆட்டக்காரர்கள் முகம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார். மழை வந்ததும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டார்கள். மிட்டாய் கொடுத்தார். அது கொஞ்சம் வேலை செய்தது. பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, வாய்க்குள் போட்டதும் போய்விட்டார்கள். "கல்யாண வூட்டுல பந்தி முடிஞ்ச மாதிரி கெளம்பிட்டாங்கக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் ஆட்டுக்குத் தழை வைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அந்தக் கார்த்திகையோடு போய்விட்டது. எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம். கதிர் அடித்துக் காயவைக்க இடமில்லாமல் ரோட்டில் கொட்டுவார்கள், பஸ்காரர்கள் திட்டுவார்கள். அந்த மைதானத்தில் சிமெண்ட் போட்டு உலர்களம் கட்டித்தர வேண்டும் என்று விவசாயிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. பஞ்சாயத்துத் தலைவர் மைதானத்தைப் பார்க்க வந்தபோது நான் வேலியோரம்தான் நின்றேன். "ஆடுறது பதினோரு பேரு. பாக்குறது இந்த ஆயா வூட்டு ஆடு. இதுக்கு ஒரு ஏக்கர் எடமா?" என்றார். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குடியரசு தினக் கிராம சபையில் தீர்மானம் போடுவதாக முடிவானது. சிமெண்ட் போட்டால் அதோடு ஆட்டம் இல்லை, கிளப்பும் இல்லை. நடுவில் அஞ்சு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

அப்போதுதான் கேட்டுக்காரர் டப்பா செய்தார். அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "எங்க ஊர்த் தேர்ல பாத்துருக்கேன். வேடிக்கை பாக்குற புள்ள பசிச்சா வூட்டுக்குப் போயிடும். வடத்துல கை வெச்ச புள்ள தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் போவாது." மைதானத்தில் பிள்ளைகள் கைவைக்க என்ன இருக்கிறது என்று யோசித்து, கோடு போடுகிற வேலையைக் கொடுத்தார். லாரி ஓட்டுகிற கோலிக்காரன் கல்மாவு இரண்டு மூட்டை கொண்டுவந்து போட்டான். சுட்ட சுண்ணாம்பு இல்லை, வெறும் கல்மாவு, கை பொத்துப்போகாது. பையன்கள் முதலில் போட்ட கோடு மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்த மாதிரி இருந்தது. கேட்டுக்காரர் என் வேலிக்கு வந்தார். "அக்கா, மார்கழி பொறந்ததுலேருந்து ஒங்க வாசலப் பாத்துட்டுத்தான் டூட்டிக்குப் போறேன். கம்பிய நட்டு வெச்ச மாதிரி இழுக்குறீங்க. கோடு மட்டும் போட்டுக் குடுங்களேன். புள்ளைங்க கூட இருக்கட்டும்." நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் டப்பா என் வேலியில் தொங்கியது. அவருக்கு மூன்று மணிவரை டூட்டி. ஆம்பளைகள் யாரும் மைதானத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு இறங்கினேன்.

என்னைக் கண்டதும் சத்துணவுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிவந்துவிட்டார்கள். பாதி பெண்பிள்ளைகள். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, வட்டம் சுற்றினோம். அழகாக விழுந்தது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, எட்டு வயதிருக்கும், இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ஆயா, வட்டம் சும்மா கெடக்கே?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மார்கழி மாதம், சாணம் தெளித்த வாசல் மாதிரி ஈரமாகக் கிடந்த மண், நடுவில் வெறும் வட்டம். தப்பு என்னுடையதுதான். "போடுங்களேன்" என்றேன். வீட்டுக்கு ஓடி ஆளுக்கொரு டப்பா கோலமாவும் கலர்ப்பொடியும் கொண்டுவந்தார்கள். பதினைந்து புள்ளி வைத்துத் தாமரை போட்டோம். பெனால்டி அடிக்கிற புள்ளிக்கு ஒரு நட்சத்திரம். மார்கழிக் கோலத்துக்குப் பூ வைக்காமல் முடியுமா? நட்டநடுவில், பந்து வைக்கிற இடத்தில், சாணியை உருண்டை பிடித்துப் பரங்கிப்பூ செருகி வைத்தாள் அந்தச் சிறுமி. அப்புறம்தான் நான் வேலிக்குள் வந்தேன்.

செட்டிகுளம் பக்கமிருந்து எதிர் டீம் வேனில் வந்து இறங்கியது. அவர்கள் கேப்டன் நடுவட்டம் வரை வந்து நின்றுவிட்டான். "யாருங்க இது, பந்து வெக்கிற எடத்துல சாணி வெச்சது?" என்றான். சிரிப்புப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒருத்தனும் கோலத்துக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் பையன்களும்தான். வாசலில் அம்மா போட்ட கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகிய கால்கள். இருபத்திரண்டு பேரும் ஷூவை மாட்டிக்கொண்டு கோலத்தைச் சுற்றி நின்றார்கள், பொங்கல் பானையைச் சுற்றி நிற்கிற மாதிரி. நடுவராக வந்திருந்த டிரில் வாத்தியாருக்குக் கோபம். "வெளக்கமாறு எடுத்தாங்கப்பா, கூட்டித் தள்ளுங்க" என்றார். முன்பல் விழுந்தவள் ஓடிப்போய்க் கோலத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "இன்னிக்குப் போட்ட கோலத்த இன்னிக்கே கூட்டக் கூடாது சார். நாளைக்கிக் காலையிலதான் கூட்டணும்." மற்றப் பிள்ளைகளும் போய் நின்றன. நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டி கேரியரில் இருந்தன. பார்த்தார், சிரிக்கவில்லை. குனிந்து பரங்கிப்பூவைச் சாணி உருண்டையோடு இரண்டு கையாலும் எடுத்து அந்தச் சிறுமியிடம் கொடுத்தார். "இத நம்ம கோலுக்குப் பின்னால வெச்சுக்க. கோலம் மிதிபடத்தாம்மா போடுறது, எறும்பு மிதிக்கல? ஆனா கேக்காம மிதிக்கக் கூடாது. யாரு போட்டாங்களோ அவங்ககிட்டக் கேட்டுட்டு மிதிக்கட்டும்" என்றார். எங்கள் கேப்டன் அந்தக் கோலிக்காரன்தான். ஆறடி ஆள். அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"பாப்பா, மிதிச்சுக்கட்டுமா?"

"ஜெயிப்பீங்களாண்ணே?"

"பாக்குறேன்."

"பாக்குறேன்லாம் வேணாம். சொல்லுங்க."

"சரி, ஜெயிக்கிறேன்."

"அப்ப மிதிங்க."

"நாங்க?" என்று கேட்டான் செட்டிகுளத்துக் கேப்டன். "நீங்க ஓரமாப் போய் ஆடுங்க" என்றாள். வேனோட்டி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்குப் பிள்ளைகள் ஒன்றும் வீட்டுக்குப் போகவில்லை. அவரவர் போட்ட கோட்டுக்குப் பின்னால் கால்விரல் படாமல் நின்று கத்தின. பாதி ஆட்டத்தில் ஓடிப்போய்த் தாமரையில் எத்தனை இதழ் மிச்சம் என்று எண்ணின. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். முன்பல் விழுந்தவள் கேப்டன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பொய் சொல்லிட்டீங்க!" அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அடுத்த வாரம் பாப்பா, சத்தியமா" என்றான். மறுநாள் அவன் லாரி தெருவில் போனபோது பிள்ளைகள் வழிமறித்து, "அண்ணே, பிராக்டீஸ் பண்றீங்களா இல்லையா?" என்று கேட்டார்களாம். அடுத்த வாரம் மைதானத்தில் இருந்த பிள்ளைகளை என்னால் எண்ண முடியவில்லை. ஜெயித்தது மூன்றாவது ஞாயிறுதான். அதுவரை ஒவ்வொரு வாரமும் கோலம், ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி, ஒவ்வொரு வாரமும் திட்டு. சொன்ன சொல்லை அண்ணன் காப்பாற்றுகிறாரா என்று பார்க்கவே வந்தார்கள்.

கிராம சபை வந்தது. கேட்டுக்காரர் வெளியூர்க்காரர், ரயில்வே வேலைக்காரர், எங்கள் ஊர் சபையில் எழுந்து பேசமுடியாது. முதல் நாள் வேலியோரம் வந்தார். "அக்கா, நீங்கதான் வாராவாரம் பாக்குறீங்க. புள்ளைங்க வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். அன்று முழுக்க ஆட்டிடம் சொல்லிப் பார்த்தேன். 'ஐயா, பிள்ளைகள் நிறைய வருகிறார்கள்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சபையில் தலைவர், "மைதானத்தப் பத்தி யாராச்சும் பேசணுமா?" என்றார். எழுந்தேன். எல்லோரும் திரும்பினார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து அந்த முன்பல் விழுந்தவளின் அம்மா வேகமாக எழுந்தாள். "நான் பேசுறேன் தலைவரே. இந்தப் பந்தாட்டத்த மொதல்ல நிறுத்துங்க. ஞாயித்துக்கெழமையானா எங்க வூட்டுல கோலமாவு டப்பாவக் காணும். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா, கோடு போடணும்ங்குறா. இருட்டுற வரைக்கும் அங்கயே கெடக்குறா." பக்கத்திலிருந்தவள், "எம் மவனும்தான், சோறு திங்கக்கூட வர்றதில்ல" என்றாள். இன்னொருத்தி, "கலர்ப்பொடி வாங்கிக் குடுத்து மாளல" என்றாள். தலைவர் பேனாவை மூடிவைத்தார். "அப்ப புள்ளைங்க போவுதா?" என்று கேட்டார். "போவுதாவா? கட்டிப் போட்டாலும் அவுத்துக்கிட்டுப் போவுது!" என்றாள். சபையே சிரித்தது. பேசிப் பேசிக் கடைசியில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற புறம்போக்கில் உலர்களம் கட்டுவது என்று முடிவானது. மக்காச்சோளம் போடுகிறவர்களும், வண்டி போக ரோடு போட்டுத் தந்தால் சரி என்றார்கள். "நான் நிறுத்தச் சொல்லித்தானே எந்திரிச்சேன்!" என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகையில் கேட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தார். "என்னால முடியலீங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் சொன்னார்: "கேட் மூடுறவன் சத்தம் போடுறதில்லக்கா. மூடிட்டு நிக்கிறான், ரயிலு போயிடுது. நீங்க கோட்டப் போடுங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். கேட்டை எடுத்துவிட்டார்கள். அவரை விழுப்புரம் தாண்டி எங்கோ மாற்றிவிட்டார்கள். போகிற அன்று நான் ஆடு மேய்க்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் டப்பா என் வேலியில் தொங்கியது, புதுக் கயிறு கட்டி.

இந்த மார்கழியில் கிளப்பில் பெண்பிள்ளைகள் டீம் ஒன்று முதல் ஆட்டம் ஆடியது. முன்பல் விழுந்தவளுக்குப் பல் முளைத்துப் பதினாறு வயதாகிவிட்டது. அவள்தான் கேப்டன். காலையில் நான் கோடு போட்டேன், புதுப் பிள்ளைகள் நடுவட்டத்தில் மயில் போட்டார்கள். ஊரில் பாதி வந்து நின்றது. பழைய கோலிக்காரன் வேலியோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்து, விழுப்புரத்துக்கு ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் மயில் போட்ட பிள்ளைகளிடம் போவாள் என்று பார்த்தேன். நேராக என் வேலிக்கு வந்தாள்.

"ஆயா, மிதிச்சுக்கட்டுமா?"

எல்லோரும் திரும்பினார்கள். அந்தச் சபையில் திரும்பிய அதே முகங்கள். முந்தானை வாய்வரை வந்தது. கீழே விட்டேன்.

"ஜெயிப்பியா?" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பாக்குறேன் ஆயா."

"பாக்குறேன்லாம் வேணாம்டி. சொல்லு."

பிள்ளைகள் கத்திய கத்தலில் ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. கோலிக்காரன் கையிலிருந்த போனில் கேட்டுக்காரர் குரல் வந்தது. "யாருப்பா அது, பேசுறது?" என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியும்படி நான் எப்போது பேசினேன்? "கோட்டு ஆயாண்ணே" என்றான் இவன். அந்தப் பக்கமிருந்து ஏதோ ரயில் போகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. "பாதிப் பொய்" என்றது மயில் போட்ட பிள்ளைகளில் ஒன்று. எல்லோரும் போனபிறகு டப்பாவைத் தட்டி, அடைத்திருந்த ஓட்டைகளை ஆணியால் குத்திவிட்டு, எறவானத்தில் மாட்டினேன். துருப்பிடித்து இரண்டு ஓட்டைகள் ஒன்றாகிவிட்டன. கோடு இப்போது முன்னைவிடக் கொஞ்சம் தடிமனாக விழுகிறது.