பெண்களுக்கு ஏழிலிருந்து எட்டு

என் அம்மா தோமியே இருபத்திரண்டு வருடம் தினமும் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியின் பழைய குளியல் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள். அதில் தண்ணீர் இருக்கும்போது ஒருநாளும் இறங்கியதில்லை. காலை பத்து மணிக்கு அடைப்பை உருவி வெந்நீரை வடித்துவிட்டு, தூரிகையோடு முழங்கால் போட்டுப் பாறையைத் தேய்ப்பாள். பதினொன்றரைக்குள் மேலே ஏறிவிட வேண்டும். அடைப்பைப் போட்டதும் பாறை இடுக்குகளிலிருந்து மறுபடி வெந்நீர் ஊறும். மதியம் இரண்டு மணிக்குள் தொட்டி நிறைந்துவிடும். பிறகு அது விருந்தாளிகளுடையது.

ஜப்பானின் வடக்கே அகிதா மலைகளுக்குள் இருக்கும் அந்த விடுதிக்கு அம்மா வந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்பா எங்களை விட்டுப் போயிருந்தார். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு வேலையும் தங்க இடமும் சேர்த்துத் தருகிற இடம் வெந்நீர் ஊற்று விடுதிதான். சமையற்கட்டுக்குப் பின்னால் வேலைக்காரர்களின் நீளக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு அறை. முன்வாசல் வழியாக வரக்கூடாது, முற்றத்தில் சத்தம் போடக்கூடாது, விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது. நான் எண்ணப் பழகும் முன்னே இந்த மூன்றையும் கற்றுக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தால் அம்மா மண்டியிட்டு வணங்குவாள். பெட்டியைத் தூக்குவாள், தேநீர் வைப்பாள், இரவு உணவை மூன்று மாடி ஏற்றுவாள், மெத்தை விரிப்பாள், காலையில் மடிப்பாள். கார் வளைவில் மறையும்வரை வாசலில் குனிந்து நிற்பாள். மழையிலும் அப்படித்தான். இத்தனைக்கும் நடுவில் மாலை ஏழு மணிக்கு நீளக் கழியை எடுத்துக்கொண்டு பழைய குளியலறைக்குப் போவாள். எல்லோரும் சேர்ந்து குளிக்கும் அந்தத் தொட்டி இருநூறு வருடமாக ஆண்களுடையது. பெண்களுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம், ஏழிலிருந்து எட்டு. மற்ற நேரத்தில் அவர்கள் மாடியில் இருக்கும் புதுக் குளியலுக்குப் போகலாம். ஏழுக்கு வாசலில் ஆண்களுக்கான நீலத் திரையை இறக்கி பெண்களுக்கான சிவப்புத் திரையை மாட்டுவதும், எட்டுக்கு மறுபடி நீலத்தை மாட்டுவதும் அம்மாவின் வேலை. அந்த சிவப்புத் திரை அவளுக்காக ஒருநாளும் தொங்கியதில்லை. வேலைக்காரர்கள் குளிக்கக் கொதிகலன் அறையை ஒட்டி ஓடு பதித்த சின்னத் தொட்டி ஒன்று உண்டு.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்து முடித்து செந்தாய் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மாவின் முழங்கால் இனி ஒத்துழைக்காது என்றாகிவிட்டது. வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அவளை அந்த விடுதியில் ஒரு இரவு விருந்தாளியாகத் தங்கவைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

"அங்க போய் என்ன பண்ண? சுவத்தைப் பாத்துட்டு உக்காரவா?" என்பாள். கடைசியில், "ஒரு தடவைதான். மறுபடி கேக்காதே" என்று சம்மதித்தாள். எதற்காக சம்மதித்தாள் என்று எனக்குத் தெரியும். பையில் முதலில் வைத்தது குளியல் துண்டைத்தான்.

நவம்பர் கடைசி. முன்வாசலில் எஜமானி சயோகோ மண்டியிட்டு, நெற்றி பாயைத் தொடும்படி வணங்கினாள். அம்மாவைவிடப் பத்து வயது இளையவள். "ஒகுயாமா சாமா, வரணும் வரணும்" என்றாள். எங்கள் குடும்பப் பெயரோடு விருந்தாளிக்கான 'சாமா' சேர்ந்து அந்த வாயிலிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன். அம்மா பதிலுக்கு அவளைவிடத் தாழ்வாகக் குனிந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அறையில் உணவு வந்தது. அம்மா சுட்ட ஆற்று மீனை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "ஆறிப்போச்சு. தூக்கிட்டு வர்ற வழியில நின்னு பேசியிருக்கா" என்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்த இகுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். அம்மா பழக்கி விட்டவள் அவள். "அக்கா, விருந்தாளியா வந்தா வாயை மூடிட்டு சாப்பிடணும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"மூடிட்டுதான்டி சாப்பிடறேன். மீனு பேசுது."

இகுமி போனதும் அம்மா மணியைப் பார்த்தாள். ஆறு நாற்பது. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சயோகோ வந்தாள். கதவுக்கு வெளியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் கதவை நகர்த்தி, முறை பிசகாமல் வணங்கினாள். பனியில் மாட்டிக்கொண்ட பேருந்து இப்போதுதான் வந்து சேர்ந்ததாம். பதினெட்டுப் பேர். பரிமாறும் பெண்களில் இருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள்.

"தோமியே சான், ஒரே ஒரு மணி நேரம். உங்களைத் தவிர யார்கிட்ட கேப்பேன்?"

'சாமா' மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. வேலைக்காரியாக இருந்தபோது கூப்பிட்ட 'சான்' திரும்பிவிட்டது.

"அம்மா இன்னிக்கு விருந்தாளி" என்றேன். "ஏழு மணிக்கு பழைய குளியலுக்குப் போறா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"மாடிக் குளியல் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கு, மினோரி சான்" என்றாள் சயோகோ, குரல் கொஞ்சமும் மாறாமல். "அங்கேர்ந்து மலையெல்லாம் தெரியும்."

இருட்டில் எந்த மலை தெரியும் என்று நான் கேட்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். துண்டு பாயில் விழுந்தது.

"போகாதே" என்றேன்.

"இகுமி ஒருத்தியா பதினெட்டுத் தட்டு எப்படித் தூக்குவா?"

"அது இவங்க பிரச்சினை. உன் முழங்காலை நினைச்சுப் பாரு."

"தட்டு தூக்கறது இவங்க இல்லடி. இகுமி."

அம்மா விருந்தாளிக்கான நீலக் கோடு போட்ட அங்கியோடு போனாள். சயோகோ தயாராகவே ஒரு ஏப்ரனும், வேலை செய்யும்போது அங்கியின் கைப்பகுதியைத் தூக்கிக் கட்டும் கயிறும் வைத்திருந்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்க வந்தவள் கயிற்றோடு வந்திருக்கிறாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். கோபமாக வந்தது. சயோகோ மீது, அம்மா மீது, கடைசியில் என் மீது. நானும் எழுந்து போய் நான்கு தட்டு தூக்கியிருக்கலாம். இரண்டு பேராகத் தூக்கியிருந்தால் ஏழரைக்கு அம்மா விடுபட்டிருப்பாள். ஆனால் போகவில்லை. விருந்தாளியாக இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுதானா என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பின்படிக்கட்டில் நான் மறுபடி இறங்க விரும்பவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அம்மாவை மேலே கூட்டிவர ஆசைப்பட்டேன் என்கிறேன். மேலே இருப்பதை யாருக்குக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்?

ஏழரைக்கு அம்மாவின் துண்டையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பழைய குளியலறை வாசலில் நின்றேன். சிவப்புத் திரை தொங்கியது. பெண்கள் சிலர் முகம் சிவந்து, முடி ஈரமாக வெளியே வந்தார்கள். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிப் பெண்ணும் போய்விட்டாள். இரண்டு ஆண்கள் துண்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சரியாக எட்டுக்கு அம்மா வந்தாள். ஏப்ரனில் குழம்புக் கறை. ஒரு காலை இழுத்து நடந்தாள். ஒரு கையில் நீளக் கழி, அக்குளில் சுருட்டிய நீலத் திரை.

"போற வழியில இதையும் மாத்திடச் சொன்னாங்க" என்றாள்.

"அதைத் தொடாதே, அம்மா." என் குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கழியை என்கிட்ட குடு. நான் போய் அவங்க முன்னால போடறேன்."

"வாயை மூடு."

கழியால் சிவப்புத் திரையைத் தூக்கி இறக்கினாள். மடித்தாள். நீலத் திரையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டு திரையையும் அலமாரியில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மரப்பலகையை எடுத்தாள். அது அங்கே ஆணியில் தொங்குவது விருந்தாளி யாருக்கும் தெரியாது. அதைத் திரை இருந்த இடத்தில் மாட்டினாள். 'சுத்தம் நடக்கிறது. உள்ளே வர வேண்டாம்.'

பெஞ்சைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். "மன்னிக்கணும் ஐயா. அரை மணி நேரம் ஆகும்."

"இப்பவா?" என்றார் வழுக்கைத் தலைக்காரர். "அறையில இருக்கற காகிதத்துல காலை பத்து மணின்னுல்ல போட்டிருக்கு."

"ஆமாங்க ஐயா. இன்னிக்கு எட்டு மணிக்கும் உண்டு."

சயோகோ வேகமாகத் தாழ்வாரத்தில் வந்தாள். பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என் கையில் இருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தாள். அந்த வேளையில் சுத்தம் எதுவும் கிடையாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை.

"ஏம்மா, இது உண்மையா?" என்று வழுக்கைத் தலைக்காரர் அவளிடம் கேட்டார்.

அம்மா கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். ஏப்ரனைக் கழற்றி, கயிற்றை அதன்மேல் சுற்றி, சயோகோவிடம் நீட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அம்மா அவளை நேராகப் பார்த்ததை நான் கண்டது அப்போதுதான். வேலைக்காரி பொய் சொல்கிறாள் என்று விருந்தாளிகள் முன்னால் எந்த எஜமானியும் சொல்ல மாட்டாள். அது விடுதியின் பெயரைக் கெடுக்கும். அம்மாவுக்கு அது தெரியும்.

சயோகோ ஏப்ரனை வாங்கிக்கொண்டாள். பெஞ்சை நோக்கி இடுப்பளவு குனிந்தாள். "சிரமத்துக்கு மன்னிக்கணும். ஆமாம், சுத்தம் நடக்குது."

"வாடி" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளே ஆவி கூரை உத்தரம்வரை நின்றது. உடம்பைக் கழுவிக்கொண்டு அம்மா விளிம்பில் உட்கார்ந்து காலை விட்டாள். "ஐயோ, சுடுது" என்றாள். மெதுவாக இறங்கினாள். தண்ணீர் தாடைவரை வந்தது.

"இவ்ளோ ஆழமா" என்றாள்.

அவள் கை தண்ணீருக்கடியில் பாறையை ஒட்டித் தடவிக்கொண்டே போனது. ஒரு மூலையில் நின்றது. "இங்க பாசி. யாரு தேய்க்கறா இப்ப?"

"தெரியாது. நீ சும்மா இரு."

சும்மா இருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணை மூடவும் இல்லை. எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அவளுக்கும்தான் என்று நினைக்கிறேன். கதவுக்கு வெளியே வழுக்கைத் தலைக்காரர் பெஞ்சில் கால் மாற்றி உட்காரும் சத்தமும், இருமலும், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பதும், சயோகோ திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பதும் தெளிவாகக் கேட்டன.

அம்மா கொஞ்ச நேரம் அதைக் கவனித்தாள்.

"அரை மணின்னு சொல்லிட்டேன்" என்றாள். "ஒரு மணின்னு சொல்லியிருக்கணும்."