அண்ணனுக்குச் சொன்ன மொட்டை

உயிரோடு இருந்த என் அண்ணியை, அப்படி ஒருவர் இல்லை என்று ஒரு டாக்டரிடம் சொன்னேன். தவறு என்று தெரிந்தேதான் சொன்னேன். இத்தனை வயதுக்குப் பிறகு அதை மெருகேற்றிச் சொல்ல விருப்பமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்துக் கல்லூரிவரை அனுப்பியவர் அண்ணன். அவர் பட்டு நெசவாளர். நான் ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்ததில் அண்ணனுக்கு முதுகு போயிற்று. வலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்த அபின், வலி குறைந்த பிறகும் அவரை விடவில்லை. கடுகளவில் தொடங்கியது மிளகளவைத் தாண்டியது. நெய்துகொண்டிருக்கும்போதே தலை கவிழ்ந்து தூங்குவார். அண்ணி கேட்டால், "முதுகு மருந்து, அப்படித்தான் அசத்தும்" என்பார். அண்ணியும் நம்பினார்.

விஷயம் எனக்குத் தெரிந்ததும் அவரை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதுவரை நான் செய்தது சரி. ஆனால் அப்போது ஆரணியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அபின் தின்பவனின் தம்பி என்று தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அண்ணியிடம், அண்ணன் திருப்பதிக்கு நடந்தே போயிருக்கிறார் என்றேன். முடி இறக்குவதாக வேண்டுதல், மலையில் கொஞ்ச நாள் தங்கிச் சேவை செய்துவிட்டு வருவார் என்றும் சேர்த்துக்கொண்டேன். படித்தவன் பொய் சொன்னால் விவரம் கூடிவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டில் யார் இருக்காங்க? மனைவி?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

அவர் பரிதாபப்பட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே வார்டில் அண்ணன் ஜுரம் கண்டவர்போல நடுங்கிக்கொண்டு, அண்ணி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே அண்ணி, மலையேறிப் போன கணவனுக்காகச் சனிக்கிழமை விரதம் இருந்து மாவிளக்கு போட்டார். அந்த மாவில் எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். தின்றேன்.

பொய் உடைந்த விதம் மட்டும் இன்றைக்கும் எங்கள் தெருவில் சிரிப்பு. குணமாகிவிட்டது என்று அண்ணனை அழைத்து வந்தேன். எண்ணெய் தடவி, வகிடெடுத்து, முன்னைவிட அடர்த்தியான கிராப்போடு அவர் தெருவில் நடந்து வந்தார். நான் சொன்ன கதையில் மொட்டை இருந்ததையே மறந்துபோனேன்.

பக்கத்து வீட்டு அக்கா, தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கஞ்சித் தூரிகையைக் கீழே வைத்தார். "ஏம்பா, மலையில எடுத்த முடி கீழ எறங்கறதுக்குள்ள மொளைச்சிடுதா? எங்க ஊட்டுக்காரருக்கு வழுக்க, அவரையும் அனுப்பி வெக்கறேன்!"

தெருவே சிரித்தது. அண்ணன் ஒன்றும் புரியாமல், "என்னாது மலை? நான் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இல்ல கெடந்தேன்" என்றார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நான் இன்னா பாவம் பண்ணேன் தம்பி? அங்க வந்து ஒரு வாய் தண்ணி குடுத்திருக்க மாட்டேனா?"



அண்ணன் மறுபடி தின்ன ஆரம்பித்தார். காரணம் எளிது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்பவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் வைத்த நாடா என்ற கட்டையை இழைகளுக்கு நடுவே எறிபவர் இன்னொருவர். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது துணையாள் வேறு தறிக்குப் போய்விட்டான். வேறு ஆளைத் தேடினால் கேள்வி வரும் என்று நான் தடுத்துவிட்டேன். தறி நின்றது. தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் மனைவி பேசுவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு அபின்தான் துணை.

இந்த முறை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை உட்பட. மூவரும் பஸ் ஏறினோம்.

"இவங்க யாரு?" என்றார் டாக்டர்.

"என் அண்ணி சார். இல்லைன்னு சொன்னேனே, அவங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி முந்திக்கொண்டார். "செத்தவ எழுந்து வந்துட்டேன் டாக்டர். இன்னா செய்யணும்னு எனக்குச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அன்று அவர் அண்ணனிடம் பேசியதைவிட அண்ணியிடம் பேசியதுதான் அதிகம். மருந்து அண்ணி கையில் இருக்கட்டும், அளவைப் படிப்படியாகக் குறைப்போம் என்றார். கொட்டாவியும் மூக்கொழுகலும் கால் இழுப்பும் வரும், பயப்பட வேண்டாம், திட்டவும் வேண்டாம் என்றார். பிறகு, வீட்டில் அண்ணனுக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். அண்ணி தறியை விளக்கினார்.

"அந்த இன்னொரு ஆள் இப்ப யாரு?"

அண்ணி என்னைக் கைகாட்டினார். "காலையில பள்ளிக்கூடம் போற வரைக்கும் இவரு சும்மாத்தானே பேப்பர் படிச்சிக்கினு இருக்காரு. இவரு ஒக்காரட்டும். மத்தியானத்துக்கு மேல நான் ஒக்காந்துக்கறேன்."

அதுதான் எனக்கு விதித்த பரிகாரம். நெசவாளர் வீட்டில் பிறந்தும் நாடாவைத் தொடாமல் வளர்ந்தவன் நான். முதல் நாள் என் நாடா அண்ணன் முழங்கையில் பட்டது. அடுத்தது குழிக்குள் விழுந்தது. கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை தொங்கியது.

"டேய், பி.ஏ.! இது கரையா, கம்பி வேலியா?" என்று அண்ணன் கத்தினார்.

அடுப்படியில் அண்ணியின் கரண்டி நின்றது. அண்ணன் அப்படிக் கத்தி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பள்ளிக்கு நேரமாகும்வரை என்னைத் திட்டிக்கொண்டே நெய்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

தெருவுக்கும் அண்ணியே சொன்னார். "அபின் தின்னாரு, வுட்டுக்கினு இருக்காரு." அவ்வளவுதான். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொள்ளு ரசம் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் அண்ணனைத் தனியே விடாமல் கோயில் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். நடுங்கிய நாட்களில் கால் பிடித்துவிடக்கூட ஆள் வந்தது. அபின் விற்றவன் ஒருநாள் தெருமுனையில் தலைகாட்டினான். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் மொத்தப் பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். வந்த வழியே போனான்.

அந்தச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த அன்று அண்ணி சொன்னார்: "சாமி பேர்ல சொன்ன வேண்டுதலு அப்படியே நிக்குது. மலைக்குப் போலாம்."

"நான் முடி குடுக்கணுமா?" என்று அண்ணன் தலையைத் தடவினார்.

"நீங்க எதுக்கு? சொன்னவரு குடுக்கட்டும்."

கொடுத்தேன். ஆரணிக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய வாரம் அது. தலையில் சந்தனத்தோடு போய் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா, "என்னங்க, வேண்டுதலா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று முடித்திருக்கலாம். அபினிலிருந்து மாவிளக்கு வரை, கிராப்பிலிருந்து மொட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தலையைக் குனியாமல் பக்கத்திலேயே இருந்தார். பெரியவர் முகம் இறுகியது. உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காரிதான் என் மனைவி.

என் கல்யாணம் ஆன பிறகும் அண்ணன் ஒருமுறை வழுக்கினார். அண்ணி நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, மணியடிப்பவர் காதில் விழவே, "தம்பி, உங்க அண்ணன் மறுபடி தின்னுட்டாரு. லீவ் போட்டுட்டு வாங்க" என்றார். போட்டேன். வெட்கப்பட நேரமிருக்கவில்லை, மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் கடைசிவரை அபினைத் தொடவில்லை.

அன்று டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "போன தடவை மூணு பேரு, இப்ப நாலா? இவங்க யாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "தம்பி சம்சாரம் டாக்டர். நல்லாப் பாத்துக்கங்க, அப்புறம் இல்லைன்னுடுவாரு."