மஞ்சள் வீட்டு ஜன்னல்

கணவர் இறந்த மறு வருடம், இருவரும் சேர்ந்து போக நினைத்திருந்த புதுச்சேரிக்கு நான் மட்டும் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருவில் ஒரு மஞ்சள் வீடு. யாரும் குடியில்லை என்று நினைத்து, திறந்திருந்த ஜன்னலைப் படமெடுத்தேன். உள்ளே வயதான பெண்மணி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தனியாவா வந்த? உள்ள வாம்மா. மீன் கொழம்பு இருக்கு. நானும் ஒண்டியாத்தான் சாப்புடுறேன்" என்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சும்மா" என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன். அன்பாக இன்னொரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயம். மாலை வரை கடற்கரையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் எனக்காக மட்டும் கூப்பிடவில்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.