வடம் பிடித்த ஹங்கேரிக்காரர்

முருகன் புண்ணியத்தில் எங்களுக்கு ஒஸ்லோ நகரத்துக் குரோருட்டில் ஒரு வீடு கிடைத்தது. அடுக்குமாடிக் கட்டடம். எங்கள் தலைக்கு மேல் வீட்டில் ஒரு ஹங்கேரிக்காரர் தனியாக இருந்தார். ஓவியர், மனைவியை இழந்தவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் போயிருந்த காலம் அது.

நான் மிளகாய் வறுத்தால் படிக்கட்டு முழுக்க எல்லோரும் இருமுவார்கள். அவர் மட்டும் கதவைத் திறந்துவைத்து மூச்சை நன்றாக இழுப்பார். அவருடைய டர்பன்டைன் மணத்துக்கு மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அப்படித்தான் பழக்கம் வந்தது. கோப்பி ஊற்றியதும் தூரிகைக் காம்பால் வெப்பமூட்டிக் குழாயில் தட்டுவார். டங், டங் என்று எங்கள் குசினியில் கேட்கும். நானும் கணவரும் மேலே போவோம்.

கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான். அவருடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு உடனே விளங்கும். அவர் சொன்னவை என் காதில் எங்கள் பேச்சாகவே நிற்பதால் அப்படியே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில், அவருடைய நகரத்துத் தெருவுக்குச் சோவியத் டாங்கிகள் வந்தபோது, பனிக்குள் நடந்து எல்லை தாண்டியவர். ஒஸ்லோவில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கிற வேலை. பின்னேரங்களில் வீட்டிலிருந்து படம் கீறுவார்.

“நோர்வேயில என்னளவுக்குச் சிவப்பு அடிச்ச ஓவியன் ஒருத்தனும் இல்லை. என்ன, முழுக்கத் தண்ணிக்குக் கீழை கிடக்கு!” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். நகரத்தில் ஆண்டுதோறும் பெரிய ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கும். யாரும் படம் அனுப்பலாம். நடுவர்கள் பார்த்துத் தெரிவுசெய்வார்கள். இளவயதிலிருந்து அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருமுறையும் எடுபடவில்லை. இப்போது கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

“இந்த முறைதான் கடைசி. எடுபடாட்டி தூரிகையைக் கழுவி வைச்சிடுவன்” என்றார்.

“எங்கட கோயில் தேரைக் கீறுங்கோ! முருகன் உங்களைக் கைவிடமாட்டார்” என்று சொல்லிவிட்டேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வாயில் அப்படித்தான் வந்தது.

தேர் நாளன்று மழை தூறியது. நான் கற்பூரச்சட்டியோடு தேருக்குப் பின்னால் பெண்களுடன் போகவேண்டும். கணவர் ஒவ்வொரு வருடமும் வடம் பிடிப்பவர். ஓவியர் கீறுவதற்கான தாள்கட்டையும் பென்சில்களையும் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இஞ்சேருங்கோ, அவரை நல்ல இடமாப் பாத்து நிப்பாட்டுங்கோ” என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

தேர் சுற்றி வந்து இருப்பிடம் சேர்ந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஓவியர் வெறுங்காலோடு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, உள்ளங்கை இரண்டும் சிவந்துபோய் நிற்கிறார். நெற்றி நிறையத் திருநீறு.

“ஹரோஹரா!” என்று என்னைக் கண்டு கத்தினார்.

“எங்கை படம்?”

தாள்கட்டை எடுத்துக் காட்டினார். ஒரு கோடு இல்லை. மழைத்தண்ணீரிலும் தேங்காய்த்தண்ணீரிலும் ஊறிப் பொங்கியிருந்தது. என் கணவருக்குத் தெரிந்த நல்ல இடம் வடம்தான். விருந்தாளியைக் கூட்டிக்கொண்டுபோய்த் தனக்குப் பின்னால் நிறுத்தி, கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறார். மனிதர் கடைசிவரை விடவே இல்லை!

“அந்த மனுசன் கீற வந்தவர், இழுக்க வரேல்லை!” என்று நான் கணவரை ஏசினேன்.

“நல்ல இடமா நிப்பாட்டச் சொன்னது நீர்தானே? தேர்ச்சில்லுக்குக் கீழையே நிப்பாட்டினனான்?”

படம் அனுப்பவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னைய வருடத்துத் தேர்ப் படங்கள் இருந்த அல்பத்தை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். பிறகு குழாயில் சத்தமே இல்லை. நான் விளக்கேற்றும்போதெல்லாம், அப்பனே, உன்னைக் கீறத்தானே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று முறையிட்டேன்.

ஒருநாள் டங், டங். இரண்டு பேரும் பாய்ந்து ஏறினோம்.

பெரிய படம். மழையில் நனைந்த வெற்று முதுகுகள், இடுப்பில் கட்டிய சிவப்புச் சால்வைகள், ஈரத் தாரில் வெறுங்கால்கள். நடுவே முறுக்கேறிய வடம். அது எங்களை நோக்கி வந்து, படத்தின் கீழ் விளிம்பில் நரைமுடி படர்ந்த இரண்டு கைகளில் முடிந்தது. சிவப்பு அப்படியொரு சிவப்பு, கப்பலடிச் சிவப்பு! ஆனால் தேர் இல்லை. சுவாமி இல்லை.

“சாமி எங்கை?” என்றேன்.

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார்.

“சாமி இல்லாமல் தேர்ப்படமோ? ஒரு மூலையிலை சின்னனா வையுங்கோ. ஒரு வேலாயுதமாவது வையுங்கோ!”

“நான் காணேல்லையே. அவர் எனக்குப் பின்னாலை எல்லோ வந்தவர்.”

நான் கணவரைப் பார்த்தேன், நீங்களாவது சொல்லுங்கோ என்பதுபோல. அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவர் சொல்லுறது சரியப்பா. இழுக்கிறவன் காணமாட்டான். தேர் நாளண்டு நான் ஒருநாளும் சாமியைக் கண்டதில்லை. ஆனா முதுகிலை தெரியும்.”

“என்ன தெரியும்?”

“வாறார் எண்டு.”

இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. படம் அப்படியே போனது. எடுபட்டால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்த்தி வைத்தேன்.

ஒரு பின்னேரம் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கிறேன். குழாய் அலறியது. இது கோப்பிக்குத் தட்டுகிற தட்டு இல்லை, சுத்தியலால் அடிக்கிற அடி! இங்கே பிறந்த எங்கள் மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள்.

“அம்மா, ஆரோ பைப்பை உடைக்கினம்! வக்த்மெஸ்டரைக் கூப்பிடட்டே?”

கட்டடம் பார்க்கிறவரைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். நான் மாக்கையோடு படியேறி ஓடினேன். ஓவியர் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சுத்தியலுமாக வாசலில் நின்றார்.

“எடுத்திட்டினம்! எடுத்திட்டினம்! ஹரோஹரா!”

“அரோகரா!” என்று நானும் கத்தினேன். கீழ் வீட்டு நோர்வேஜியப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டுமே!

கண்காட்சி திறந்த அன்று கூறைச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஓவியர் பழைய சூட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். என் கணவர் படத்தைக் கண்டதும், “இந்த மச்சத்தைப் பாரும், இது என்ரை முதுகு!” என்று கூவி, ஆட்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று திரும்பி நின்றுகொண்டார்.

“அப்பா, கோட்டுப் போட்டிருக்கிறீங்கள். மானத்தை வாங்காதேங்கோ” என்று மகள் அவரை இழுத்தாள்.

நான் படத்துக்கு நேர்முன்னால் போய் நின்றேன். கீழ் விளிம்பில் அந்த இரண்டு கைகள், என் கைகள் இருக்கவேண்டிய இடத்திலேயே. அவர் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். அப்படியானால் தேர்? எனக்குத் திடுக்கென்றது. கோயிலில் சுவாமிக்கு முதுகு காட்டி நாங்கள் வெளியே வருவதில்லை. சட்டென்று திரும்பிக் கண்ணை மூடிக் கைகூப்பினேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு கதிரை, அதில் கண்காட்சிக் காவலாளி. அவர் தடுமாறி எழுந்து, எனக்குத் திருப்பிக் கைகூப்பினார்.

பின்னால் ஓவியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் தோளைத் தட்டி, “வாற வருசம் வடத்தில எனக்கு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லுங்கோ. உங்களை மாதிரித் திரும்பி நிண்டு மற்றப் பக்கத்தாலையும் ஒண்டு கீறவேணும்” என்றார்.