மிச்சத்தையும் சொல்லுங்கோ, தம்பி

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்த வாய் கிடையாது. டாக்குத்தர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், இடையில் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. லண்டனில் பதினாலு வருடமாக இதுதான் என் வேலை. பெயர் கூப்பிடும்வரை நீலக் கதிரையில் காத்திருந்து, உள்ளே போய், கேட்க வந்ததையெல்லாம் மறந்துவிட்டு வெளியே வந்திருக்கிறீர்களா? நானும் உங்கள் கட்சிதான்.

பாட்டுக்கார அக்கா

மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்காவுக்குக் கழுத்தில் தைரொயிட் கட்டி. புற்றுநோய் இல்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வெட்டி எடுத்துவிடலாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அதில் என்னென்ன நடக்கலாம் என்று ஐந்து நிமிடம் விளக்கினார். பாவம், பயந்துவிடுவார் என்று நாலு வசனத்தில் முடித்துக்கொண்டேன். அக்கா கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தைத் தள்ளிவைத்தார். டாக்குத்தர் இவ்வளவு நேரம் கதைத்தவர், நீங்கள் இவ்வளவுதான் சொல்லுறியள், மிச்சம் எங்கை என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மிச்சத்தைச் சொன்னேன்: குரல் நரம்பில் பட்டால் குரல் மாறலாம். அக்கா அவருடைய கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்கச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுத்து, வளருகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம் என்றார் நிபுணர். அக்கா அதையே தெரிந்தெடுத்தார். கட்டி இன்றுவரை வளரவில்லை, அவரும் பாடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு லிஃப்டில் இறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது:

"நீங்கள் இரக்கத்திலைதான் விட்டனீங்கள் எண்டு விளங்குது, தம்பி. ஆனா தொண்டை என்ரையெல்லோ."

ரெண்டு பெட்டி

மனோர் பார்க்கில் இருக்கும் ஒரு அண்ணை, பிரான்சில் இருபது வருடம் கார் திருத்தியவர். ஆங்கிலம் வராது. இதய வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய பிறகு ஒரே தலைச்சுற்று, குளியலறையில் இரண்டு தரம் விழுந்தும் விட்டார். அடுத்த முறை வரும்போது மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டை மட்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஆஸ்பத்திரி தந்தது, மற்றது குடும்ப டாக்குத்தர் முன்பே எழுதியது. பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். கீழே சின்ன எழுத்தில் ஒரே பெயர், அதற்கு அண்ணை சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார்.

டாக்குத்தர் பெட்டிகளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். ஒரே மருந்தை மனிதர் இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றை அன்றே நிறுத்தினார்கள், தலைச்சுற்றும் நின்றது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்குத்தர் கேட்க, நான் மொழிபெயர்த்த பதில்:

"பெட்டியிலை என்ன பேரும் போடுவாங்கள். காரிலையும் நம்பர் பார்த்துத்தான் நான் சாமான் பூட்டுறனான்."

ஓம், ஓம்

சட்டனில் ஒரு ஐயா. நீரிழிவுக்காரர். எதைச் சொன்னாலும் ஓம் என்பார். எங்கள் ஆட்களின் ஓமுக்கு "காதில் விழுந்தது" என்றும் பொருள் உண்டு, ஆனால் நான் 'யெஸ்' என்றுதானே சொல்லலாம்! சீனி இறங்கவேயில்லை, இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருநாள் புதிதாக வந்த நேர்ஸ், விளங்கினதா என்று கேட்காமல், வீட்டில் போடுவதுபோலப் போட்டுக் காட்டச் சொன்னார். ஐயா இன்சுலின் ஊசிப் பேனையின் வெளி மூடியைக் கழற்றினார். உள்ளே ஊசிக்கு மேல் இருந்த சின்ன மூடியைக் கழற்றாமலே வயிற்றில் வைத்து அழுத்தினார். மூன்று மாதமாக ஒரு துளி மருந்தும் உள்ளே போகவில்லை.

நேர்ஸ் சிரிக்கவில்லை. ஏற்றிவைத்த அளவு இப்போது ஒழுங்காக உள்ளே போனால் ஆபத்து என்று, உடனே டாக்குத்தரைக் கூப்பிட்டு அளவைக் குறைப்பித்தார். அதற்குப் பிறகு ஐயா எதையும் தானே செய்து காட்டி, சரியா என்று கேட்காமல் எழும்பமாட்டார். இத்தனை நாளும் விளங்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னா கெதியா வீட்டை போக விடுவினம் எண்டு நினைச்சன்."

என்னுடைய முறை

போன வருடம் எனக்கே பித்தப்பையில் கல். ஒப்பரேஷன் பற்றிச் சொல்லிமுடித்த டாக்குத்தர், கேள்வி ஏதும் உண்டா என்றார். எத்தனையோ பேருடைய கேள்விகளைக் கேட்டுக்கொடுத்த நான், இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஏழு கேள்விகள். ஐந்தாவது, எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது பதிவில் இருக்கிறதா என்பது. இருக்கவில்லை. டாக்குத்தர் அதை எழுதிவிட்டு அவளுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். பஸ்ஸில் நானும் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்கள் டாக்குத்தரின்ரை இங்கிலீசை யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். நான் உங்களை யோசிச்சன்."

இத்தனை பேர் கேள்வி கேட்கச் சொல்லித்தந்த பிறகும், அடுத்தமுறை டாக்குத்தரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.